நெருப்புக் கொடுத்தவள்

ஆலடித் தோட்டத்தில் நல்லம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கும் நிரைக்கு இரண்டு பக்கத்திலும் யாரும் நிற்க மாட்டார்கள். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே, மேகம் வந்து படுத்துக்கொள்ளும் உயரத்தில் இருக்கும் தோட்டம் அது. காலையில் பெண்கள் மலை ஏறி ஆளுக்கொரு நிரை பிடிக்கும்போது கூடையோடு கூடை இடிக்கும். முந்தின நாள் சண்டையின் மிச்சம் அங்கேதான் தீரும். ஆனால் நல்லம்மா ஒரு நிரையில் கால் வைத்ததும், பக்கத்தில் நின்றவள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஏதோ நினைவு வந்தவள்போல நாலு நிரை தள்ளிப் போய்விடுவாள். பெரிய கங்காணி வீரமலை இந்த வம்பே வேண்டாமென்று அவளைக் காட்டோரத்துக் கடைசி நிரைக்கு அனுப்பிவிடுவார். அட்டை அதிகமுள்ள இடம்.

அவள் முகமெல்லாம் அம்மைத் தழும்பு. இடது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. சிறுமியாக இருந்தபோது பெரியம்மை வந்து தாயையும் தகப்பனையும் ஒரே கிழமையில் கொண்டுபோயிற்று. அவளை மட்டும் இப்படி அடையாளம் போட்டு விட்டுவிட்டுப் போயிற்று. மூத்தவன் ராஜலிங்கத்தின் உடம்பில் ஒரு முத்துகூடப் போடவில்லை. அவன்தான் அவளை வளர்த்தான். பிறகு அவன் கண்டியில் ஒரு சாய்புவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கலஹா பஸ்ஸில் வந்து தங்கையைப் பார்த்துவிட்டுப் போவான்.

ஒற்றைக் கண்ணால் அவள் பறித்த கொழுந்தில் ஒரு முற்றல் இலை இருக்காது, ஒரு குச்சி இருக்காது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எல்லாருடைய கூடையையும் கையை விட்டுப் புரட்டிப் பார்க்கும் கணக்கப்பிள்ளை அவளுடைய கூடையை மட்டும் புரட்டுவதில்லை. தொடப் பயம் என்று பெண்கள் சிரிப்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் புரட்டியிருந்தாலும் அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்பட்டிருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் ஆண்டு அவளுக்கு ஒரு கலியாணம் பேசினார்கள். கடுகண்ணாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தாரமிழந்தவன். முகத்தைப் பற்றிச் சொன்னதற்கு, "முகத்த வச்சா சோறு ஆக்கப்போறா?" என்று கேட்டவன். ராஜலிங்கம் கடையில் சொல்லிவைத்துச் சேலை எடுத்துவந்தான். நல்லம்மா அதை மடிப்புக் கலையாமல் பெட்டியில் வைத்துவிட்டு, தினமும் ஒருதரம் பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவாள்.

அந்த மழைக்காலத்தில் தோட்டத்தில் அம்மை கண்டது. குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று அறைகள் வரிசையாக இருக்கும் கீழ் லயத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். அதில் ஒருவன் நல்லம்மாவின் அடுத்த காம்பராவில் இருந்த பாலம்மாவின் புருஷன். லயத்துக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில், மாணாப் புல் வேய்ந்து ஒரு கொட்டில் போட்டார்கள். நோயாளிகளை அங்கே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். போய்ப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தோட்டத்து மருந்துக்காரர் பொன்னுத்துரை யாழ்ப்பாணத்து மனிதர். குடையைப் பிடித்துக்கொண்டு நல்லம்மாவின் காம்பராவுக்கு முன்னால், இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார்.

"ஒருக்கா வந்த ஆளுக்கு இது திரும்ப வராது, பிள்ளை. அதுதான் உன்னட்டைக் கேக்கிறன். பயப்பிடாதை."

"எனக்குப் பயம் இல்லீங்கய்யா. நா எறங்கி வந்தப்புறம் இவங்க பயப்படுவாங்களே" என்றாள் நல்லம்மா.

பக்கத்தில் நின்ற வீரமலைக் கங்காணி தலைப்பாகையை அவிழ்த்து உதறிக் கட்டினார். "நா ஒருத்தன் இருக்கேன்ல? மூணாந்தண்ணி ஊத்துன அன்னைக்கி நானே தப்படிச்சு ஒன்னயக் கூட்டியாந்து ஒங்காம்பராவுல விடுறேன். ஆத்தா மேல சத்தியம். எவ ஒதுங்குறான்னு பாக்குறேன்."

அவள் கேட்க நினைத்ததும் அதுதான். காம்பராவுக்குத் திரும்பி வர வேண்டும், அங்கிருந்து சேலை கட்டிப் புறப்பட வேண்டும். அவள் மேலே போனாள்.

அம்மை வந்த வீட்டுக்குச் சட்டங்கள் உண்டு. அதை நோய் என்று சொல்லக் கூடாது. ஆத்தா வந்திருக்கிறாள் என்றுதான் சொல்ல வேண்டும். தாளிக்கக் கூடாது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வெளியே வரலாம். போகிறவள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வீட்டிலிருந்து நெருப்பு வெளியே போகக் கூடாது. அது ஆத்தாவையே இன்னொரு வீட்டுக்குக் கூட்டிப்போய் விடுவது போல. கொட்டிலுக்குப் போகும் பாதையில் குறுக்கே வேப்பிலை செருகிய கயிறு கட்டியிருந்தார்கள். அந்தக் குளிரில் வேம்பு வளராது. வேப்பிலையைக் கண்டியிலிருந்து ராஜலிங்கம்தான் அனுப்பினான். அரிசியும் மருந்தும் கயிற்றடியில் ஒரு கல்லில் வைக்கப்படும். வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிடுவார்.

மழை விடாத ஒரு காலையில் பாலம்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். மார்போடு பச்சைப் பிள்ளை. பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அடுப்பு அணைஞ்சு போச்சுடி நல்லம்மா. தீப்பெட்டி நமத்துப்போச்சு. லயத்துல எவளும் எனக்கு நெருப்புத் தரமாட்டேங்குறா. ஆத்தா வூட்டுக்காரிக்குத் தரக் கூடாதாம். புள்ளயப் பாரு, நடுங்குது."

"இங்கருந்து தரக் கூடாதேக்கா."

"அப்ப எம்புள்ள செத்துறட்டும். ஒனக்கென்ன, ஒனக்குப் புள்ளயா குட்டியா?"

நல்லம்மா உள்ளே போய், அடுப்பிலிருந்து கங்கை அள்ளிச் சிரட்டையில் போட்டு, மேலே இன்னொரு சிரட்டையைக் கவிழ்த்து, கயிற்றுக்கு மேலாக நீட்டினாள். பாலம்மா வாங்கிக்கொண்டு ஓடினாள். வேறொன்றும் அவர்கள் பேசவில்லை.

பாலம்மாவின் புருஷன் பிழைத்துக்கொண்டான். மற்ற இரண்டு பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார். ஆனால் கங்காணியின் மூத்த மகன் விழுந்தான். கங்காணி அவனைக் கொட்டிலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார், அவன் இறந்துபோனான். சரியாகச் சொல்ல வேண்டுமானால், அவனுக்குக் காய்ச்சல் தொடங்கியது நெருப்புக் கைமாறுவதற்கு முன்பு. அதைச் சொல்ல அன்றைக்கு அங்கே ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கோவில் முன்னால் கூட்டம் போட்டார்கள். நல்லம்மாவைக் கயிற்றுக்கு அப்பால், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நிறுத்தினார்கள்.

"கீழ நெருப்பு எப்புடி வந்துச்சு?" என்று கேட்டார் கங்காணி.

பாலம்மா பிள்ளையை இறுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நா கேக்கல சாமி. எம்புருஷன் எப்புடியிருக்குன்னுதான் போயி விசாரிச்சேன். அவளா அள்ளி நீட்டுனா. வேணாம்னா ஆத்தா கோவிச்சுக்குவாளேன்னு வாங்கிட்டேன்."

"ஏன்டி, நீயாவா குடுத்த?"

நல்லம்மா பாலம்மாவைப் பார்த்தாள். பிறகு அவள் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் கேட்டுத்தான் கொடுத்தேன் என்று சொன்னால் இந்தக் கூட்டம் யாரை வெளியே நிறுத்தும் என்பது அவளுக்குத் தெரிந்தது. மழையில் ஒரு பச்சைப் பிள்ளை வெளியே நிற்கும்.

"குடுத்தேன்" என்றாள்.

"மூணாந்தண்ணிக்கு ஒன்னயக் கூட்டியாறேன்னு சொன்னேன்" என்றார் கங்காணி. "எம்மவனுக்கு ஒரு தண்ணிகூட ஊத்தலியே. நீ அங்கயே கெட."

மாப்பிள்ளை வீட்டார் பேராதனை ஸ்டேசன் வரைக்கும் வந்தார்கள். அங்கே கலஹா ஆள் ஒருவன் விஷயத்தைச் சொல்ல, பஸ் ஏறாமல் அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விட்டார்கள். நல்லம்மாவின் காம்பரா பாலம்மாவுக்குக் கிடைத்தது. அவள் அதில் ஆடு கட்டினாள். தோட்டத்தை நடத்தும் துரைக்கு இதில் ஒன்றுமில்லை. கொழுந்து வந்தது, போதும்.

ராஜலிங்கம் வந்து, கண்டிக்கு வந்துவிடு என்று கூப்பிட்டான். கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, மனிதர் முகம் பார்த்து வாழலாம் என்றான்.

"நா எதுக்கண்ணே போகணும்? போனேன்னா நாந்தான் அந்தப் பயல கொன்னேன்னு ஆயிரும்" என்றாள் நல்லம்மா. "நா இங்கயே அவங்க கண்ணு முன்னால இருக்கேன். என்னைக்காவது ஒரு நா அவங்களே வந்து கூப்பிடுவாங்க."

அதற்குப் பிறகு நெடுநாள் அவன் கூப்பிடவில்லை. இப்படி ஒருத்தி தன்கூடப் பிறந்தவள் என்பது அவனுக்குத் துக்கமாகவும் இருந்தது, நெஞ்சை நிமிர்த்தும்படியாகவும் இருந்தது.

அவள் அந்தக் கொட்டிலில் வாழத் தொடங்கினாள். ஆண்டுதோறும் புல் அறுத்துக் கூரையைப் புதுப்பித்தாள். தனியாக இருப்பதைப் பற்றிப் பெரிதாகச் சொல்கிறவர்கள் அதிகமும் அதைத் தாங்களே தேடிப் போனவர்கள். நல்லம்மாவுக்கு அது மழை மாதிரி, மேலே விழுந்தது. முதலில் நாக்குக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பேச ஆளில்லாமல், ஒரு நாள் கூடையோடு பேசிக்கொண்டிருப்பதைத் தானே கேட்டு வாயை மூடிக்கொண்டாள். அப்புறம் பழகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது பழகவில்லை. பழகாத ஒன்றை ஒவ்வொரு நாளும் புதிதாகத் தூக்கிக்கொண்டுதான் அவள் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு இறங்கினாள். எல்லாரும் நிற்கும் வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பெயர் கொடுத்தாள். ஒரு நாள்கூட அவள் பிந்தியதில்லை.

அடுப்பை மட்டும் அவள் அணையவே விடமாட்டாள். வேலைக்குப் போகும்போது சவுக்குக் கட்டையைச் சாம்பலுக்குள் புதைத்துவிட்டுப் போவாள். நெருப்புக் கேட்டு ஒரு வாசலில் நிற்கும் நிலைமை தனக்கு வரக் கூடாது என்று வைராக்கியம்.

அதற்கிடையில் அம்மை வந்தபோதெல்லாம் அவளிடம்தான் கொண்டுவந்து போட்டார்கள். விழுந்து கிடந்தவன் அவளைத் தாயே என்பான். எழுந்து நடந்த பிறகு அவள் வரும் பாதையை விட்டுத் தேயிலைக்குள் இறங்குவான். பெண்கள் அவளுக்கு ஆத்தாவோட ஆயா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முப்பத்தைந்தில், ஊரெல்லாம் மலேரியாக் காய்ச்சல் அடித்து ஓய்ந்த பிறகு, மறுபடி அம்மை கண்டது. இந்த முறை அதிகம் பரவவில்லை. பொன்னுத்துரை காம்பரா காம்பராவாக ஏறி இறங்கி, திட்டித் திட்டி எல்லாருக்கும் அம்மை குத்தியிருந்தார். பாலம்மா மட்டும் அவர் வந்த அன்றைக்குத் தன் மகள் புஷ்பத்தைத் தேயிலைச் செடிக்குள் படுக்கவைத்து மேலே கம்பளியைப் போட்டு மறைத்துவிட்டாள். ஊசி குத்தினால் ஆத்தாவுக்குக் கோபம் வரும். அன்றைக்கு நடுங்கிய அதே பிள்ளைதான் புஷ்பம். இப்போது ஓடி விளையாடும் பிள்ளை. அவளுக்குத்தான் வந்தது.

பாலம்மா பிள்ளையைத் தூக்கிவந்து கயிற்றடியில் கிடத்தினாள்.

"நல்லம்மா, பாத்துக்க."

"அக்கா, உள்ள கொண்டாந்து விடேன். மழையில நனையுதே."

"நா வர முடியாது. வூட்டுல சின்னது ரெண்டு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவள் இறங்கிவிட்டாள்.

நல்லம்மா பிள்ளையைத் தூக்கி உள்ளே போட்டாள். முத்து நெருங்கி நெருங்கிப் போட்டிருந்தது, வாய்க்குள்ளும் இருந்தது. கஞ்சித் தண்ணீரைத் துணியில் நனைத்து நனைத்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. பிள்ளை விழித்த நேரங்களில், "அத்தை, ஒங்களுக்கும் இப்புடித்தான் இருந்துச்சா?" என்று கேட்டது. அத்தை என்று அவளை அதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பிறகு அந்தப் பெருமழை பிடித்தது. கலஹா ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றது. கண்டியிலிருந்து ராஜலிங்கம் வர முடியவில்லை. வேறு டிவிசனுக்குப் போயிருந்த பொன்னுத்துரையும் வர முடியவில்லை. ஒரு விடியலில் காற்று கொட்டிலின் ஒரு பக்கக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போக, தண்ணீர் அடுப்பு மேலேயே கொட்டியது. கட்டை, சாம்பல், தீப்பெட்டி எல்லாம் சேறாகிவிட்டன. பிள்ளையின் உடம்பு குளிர்ந்துகொண்டு வந்தது. கை கால் விறைத்து, பல் கிட்டியது.

அத்தனை வருஷம் காப்பாற்றிய வைராக்கியத்தை நல்லம்மா அந்த நிமிஷமே விட்டுவிட்டாள். பிள்ளையை மற்றத் துணியெல்லாம் போட்டு மூடி, தன் கம்பளியைத் தலையில் போட்டு, சிரட்டையை எடுத்துக்கொண்டு லயத்துக்கு இறங்கினாள். கயிற்றைத் தாண்டினாள். அவளைக் கண்டதும் இஸ்தோப்பு நீளத்துக்கும் கதவுகள் சாத்தப்பட்டன. பாலம்மாவின் கதவு மட்டும் பாதி திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிவது தெரிந்தது.

"அக்கா, ஒரு கங்கு. புஷ்பத்துக்குத்தான். மேல அடுப்பு அணைஞ்சுருச்சு."

பாலம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த குடத்தைத் தூக்கி, எரிந்துகொண்டிருந்த தன் அடுப்பில் கவிழ்த்தாள். புகை எழும்பி அவள் முகத்தை மறைத்தது.

"எங்கூட்டுலயும் அணைஞ்சுருச்சு நல்லம்மா" என்று புகைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இல்லாதத எப்புடித் தர?"

சின்னப் பிள்ளைகள் இரண்டும் அவளுக்குப் பின்னால் நின்று இருமின. அவற்றுக்குப் பயந்துதான் அவள் அப்படிச் செய்தாள். அது நல்லம்மாவுக்கும் தெரிந்தது.

அவள் திரும்பி லயத்துக் கோடியில் இருந்த மாரியம்மன் கோவிலுக்குப் போனாள். தகரம் போட்ட சின்னக் கோவில். பூசாரி இல்லை. வாசலில் தொங்கும் மணிக்கு அப்பால் அவள் போகக் கூடாது என்பது கங்காணி வைத்த சட்டம். அவள் மணியைத் தாண்டி, அம்மனுக்கு நேராக நின்றாள்.

"மேல கெடக்குறது ஒம்புள்ளதான். எல்லாரும் நீதான் வந்திருக்கேன்னு சொல்றாங்க. அப்ப நெருப்பும் நீதான் தரணும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையைக் கிழித்து அணையா விளக்கில் பற்றவைத்து, அங்கே கிடந்த தேங்காய்ப் பொச்சைச் சிரட்டையில் போட்டு அதன் மேல் வைத்து, கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பெரட்டுக்குப் புறப்பட்டு வந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"அடிப்பாவி, கோவில் வெளக்குலயே கைய வச்சுட்டாடி!"

முதல் கல் முதுகில் விழுந்தது, அடுத்தது தலையில். அவள் சிரட்டைக்கு மேல் குனிந்தபடியே மலை ஏறினாள். கொட்டிலுக்கு வந்தபோது நெற்றி ரத்தம் கண்ணை மறைத்தது. ஆனால் பொச்சு கனன்றுகொண்டுதான் இருந்தது. கூரையில் உள்பக்கம் நனையாமல் இருந்த புல்லைப் பிடுங்கி அடுப்பை மூட்டினாள். பிள்ளையை மடியில் போட்டு உள்ளங்காலைத் தேய்த்தாள். கஞ்சி கொதித்தது. பொழுது ஏறிய பிறகு பிள்ளை கண்ணைத் திறந்து, "பசிக்குது அத்தை" என்றது.

கீழே கோவிலைக் கழுவி, பழைய விளக்கை அணைத்து, புது நெருப்பு உண்டாக்கி, ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். புஷ்பம் பிழைத்துக்கொண்டாள் என்று தெரிந்ததும், அந்தச் சாந்தி செய்ததால்தான் ஆத்தா இரங்கினாள் என்று பேச்சாயிற்று.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று பாலம்மா புதுப் பாவாடையோடு கயிற்றடிக்கு வந்தாள். மண் சரிந்த இடத்தைத் தாண்டி நடந்தே வந்திருந்த ராஜலிங்கமும் அங்கே நின்றான். பிள்ளை கயிற்றுக்குக் கீழே குனிந்து தாயிடம் போய், திரும்பிப் பார்த்தது.

"அத்தையும் வரட்டும்மா."

"வாய மூடு. அத்தையாம் அத்தை."

நல்லம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராஜலிங்கம் அறிய, அவள் வாய் திறந்து தனக்கென்று கேட்டது அந்த ஒரே தரம்தான். "அக்கா, எங்காம்பராவுல இருக்குற ஆட்ட வெளிய கட்டுனா போதும். நா அதுலயே இருந்துக்குவேன். கூரையும் பிஞ்சுபோச்சு."

பாலம்மா உண்மையாகவே சங்கடப்பட்டாள். "ஆடு செனையா இருக்கே நல்லம்மா. இந்தக் குளிர்ல வெளிய கட்ட முடியுமா, நீயே சொல்லு?"

மறுநாள், அம்மை கிடந்த கொட்டிலை எரித்துவிட வேண்டுமென்று துரையின் உத்தரவு வந்தது. ரோடு திறந்ததும் வந்து சேர்ந்த பொன்னுத்துரை, வேறு இடத்தில் புதிதாகப் போட்டுத் தருவார்கள் என்றார். எப்போது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நல்லம்மா பானையையும் பெட்டியையும் வெளியே எடுத்து வைத்தாள். பெட்டியில் அந்தச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது.

மாலையில் லயத்தார் வந்தார்கள். ஒவ்வொரு காம்பராவிலிருந்தும் ஒரு கொள்ளி வந்தது. இந்த வேலைக்கு நெருப்பு இல்லையென்று ஒரு வீடுகூடச் சொல்லவில்லை. பாலம்மாவின் கையில் இருந்த கொள்ளிதான் நன்றாக எரிந்தது. கங்காணி முதலில் வைத்தார், மற்றவர்கள் வீசினார்கள். ஈரப் புல் முதலில் புகைந்து, பிறகு சடசடவென்று பிடித்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். புஷ்பம் மட்டும் அழுதாள். பாலம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்டிக்குப் போவம், வா" என்றான் ராஜலிங்கம். "இன்னும் யாரு வந்து கூப்பிடுவாங்கன்னு நிக்குற?"

"யாரும் வரமாட்டாங்க. அது தெரிஞ்சுபோச்சு" என்றாள் நல்லம்மா. "ஆனா நா போனா, நல்லதாப் போச்சுன்னு சொல்லுவாங்கண்ணே. அத நா அவங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

அண்ணனும் தங்கையும் சவுக்கு மரத்தடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார்கள். விடியும்போது கொட்டில் இருந்த இடத்தில் சாம்பலுக்குள் கங்கு சிவந்திருந்தது. நல்லம்மா மூன்று கல்லைத் தேடி வந்து மரத்தடியில் வைத்தாள். எரிந்துபோன தன் வீட்டிலிருந்து சிரட்டையால் கங்கை அள்ளி நடுவில் கொட்டி, ஊதினாள்.

"பாத்தியாண்ணே, லயத்துல எல்லா வூட்டு நெருப்பும் இதுல இருக்கு" என்றாள்.

கஞ்சி வைத்து அண்ணனுக்கு ஊற்றி, தானும் குடித்தாள். ஒரு கட்டையைச் சாம்பலுக்குள் பத்திரமாகப் புதைத்தாள். கீழே பெரட்டுக்குத் தப்புச் சத்தம் கேட்டது. கூடையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.